நாற்பத்தோரு முதலாளிகளும் ஒரு நாற்காலியும்

சாக்ஸ் தொழிற்சாலையின் வாட்ச்மேனிடம் ஒரு பதிவேடு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு ‘வரும்போது காலில்’, மற்றதன் தலைப்பு ‘போகும்போது காலில்’. உலகத்தில் வேறு எந்த கேட்டிலும் இப்படியொரு நோட்டு இருக்காது என்று அடித்துச் சொல்லலாம். காலையில் ஒருவர் பழுப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் ‘பழுப்பு, ஒன்று’ என்று எழுதுவார். வெறுங்காலில் செருப்போடு வந்தால் ‘இல்லை’ என்று எழுதுவார். அதே ஆள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழுப்புக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் கறுப்பு என்று மாட்டிக்கொண்டு, செருப்புக்குள் கால் நுழையாமல் தத்தித் தத்தி வந்தால் முடிந்தது கதை.

“காலைக் காட்டுப்பா” என்பார். அவ்வளவுதான். திட்ட மாட்டார், மேலிடத்தில் போட்டுக் கொடுக்கவும் மாட்டார். அந்த ஆள் அங்கேயே குனிந்து நீலத்தையும் கறுப்பையும் உரித்து மேசைமேல் வைத்துவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். பிறகு பை. பையைத் திறந்து காட்ட வேண்டும். வாட்ச்மேன் உள்ளே கையை விட மாட்டார். கண்ணால் மட்டும் ஒரு பார்வை. எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார். அந்தத் தலை ஆடாமல் யாருடைய காலும் கேட்டைத் தாண்டியதில்லை. இருபத்தேழு வருஷமாக இதுதான் வழக்கம். இதனாலேயே அவருக்குத் ‘தலையாட்டி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதருக்கு இப்படியொரு பெயர்! ஊர் வாயை யார் மூடுவது?

அவர் வாட்ச்மேனாக வேலைக்குச் சேர்ந்தவர் அல்ல. நூல் பெட்டி இறக்கும் ஆளாக வந்தவர். சேர்ந்த நாலாவது மாதம் ஒரு பெட்டி சரிந்து வலது முட்டியில் விழுந்தது. முட்டி பிழைத்தது, பெட்டி தூக்கும் வேலை போனது. முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைக் காரில் போட்டுக் கொண்டுவந்து கேட்டில் வைத்து, “இதுல உக்காரு, போறவங்க வர்றவங்களைப் பாரு” என்றார். மெத்தை வைத்த, முதுகில் பூ வேலை செய்த நாற்காலி. முதலாளி வீட்டில் அன்றிலிருந்து ஆறு பேருக்கு ஐந்து நாற்காலிதான்.

வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. வாட்ச்மேன் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தார் துணிகளைச் சரி பண்ணிக் கொடுப்பவள். சிமெண்ட் தரையில் நாள் முழுக்க மெஷின் மிதித்து அவளுக்குப் பாதம் வெடித்துக் கிடக்கும்.

“சாக்ஸ் கம்பெனில வேலை பாக்கறீங்க. நம்ம வீட்ல ஒரு சாக்ஸ் உண்டா? வெளியில சொன்னா சிரிப்பாங்க.”

“எடுத்துட்டு வர முடியாது.”

“யார் எடுத்துட்டு வரச் சொன்னா? காசு குடுத்து, வாங்கினதுக்குச் சீட்டு போட்டு எடுத்துட்டு வாங்க. எல்லாரும் வாங்கறாங்கல்ல?”

“எல்லாரையும் நான் பாக்கறேன். சீட்டை வாங்கிப் பாக்கறேன், ஜோடியை எண்ணறேன். என்னை யார் பாக்கறது?”

அவள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். பார்க்க ஆள் இல்லாத ஒருவன் கேட்டைத் தாண்டி ஒரு நூலைக்கூட எடுத்துப் போகக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அவர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருபத்தேழு வருஷமாக இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்றுதான் இருக்கும். அந்தப் பெண்ணின் பாதம் வெடித்தது வெடித்தபடியே இருந்தது.

இந்த நிலைமையில்தான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேறு வேறு வேலையில் இருந்தார்கள். “காலுக்குப் போடறதைக் கட்டிக்கிட்டு அழ எங்களால ஆகாதுப்பா” என்று போனில் சொல்லிவிட்டார்கள். அப்போது பேப்பரில், பல ஊர்களில் முதலாளிகள் கம்பெனியை வேலை செய்கிறவர்களிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த தெரு அச்சகத்திலும் ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டிருந்தது. அவர்கள் செய்த முதல் காரியம், ஆளுக்கு நூறு விசிட்டிங் கார்டு அடித்து எல்லாவற்றிலும் ‘முதலாளி’ என்று போட்டுக்கொண்டதுதான்.

ஒரு ஆலோசகர் அம்மா கையில் கோப்போடு வந்து விளக்கினார். வாட்ச்மேனையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தோரு பேர். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஓர் ஓட்டு. பெரியவர், சிறியவர் கிடையாது. மெஷின் ஓட்டுகிறவரும் முதலாளி, கூட்டிப் பெருக்குகிறவரும் முதலாளி. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும், சாக்ஸின் நுனியைத் தைத்து மூடும் அக்கா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“அப்போ மணி யாருக்கு அடிக்கறது?”

நியாயமான கேள்வி. முதலாளியின் கார் தெருமுனையில் திரும்பியதும் வாட்ச்மேன் கேட்டில் தொங்கும் மணியை இரண்டு முறை அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே டீ கிளாஸ்கள் மறையும், அரட்டை நிற்கும், முதுகுகள் நிமிரும். இப்போது எல்லோரும் முதலாளி என்றால்? ஆலோசகர் அம்மாவுக்கு இது கோப்பில் இல்லை. ஓட்டுக்கு விட்டார்கள். எல்லா முதலாளிக்கும் மணி அடிக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

மறுநாளிலிருந்து ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே அந்தத் தெருவில் யாரும் பேச முடியவில்லை. ஆளுக்கு இரண்டு வீதம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்குப் பழக்கதோஷம். ஒவ்வொரு தடவையும் டீ கிளாஸை ஒளித்தார்கள். மெஷின் ஃபிட்டர் கேட்டுக்குள் கால் வைத்தார், மணி அடித்தது, “ஐயோ, முதலாளி வந்துட்டார்!” என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓடிப்போய் மெஷின் முன்னால் நின்றார். யார் வந்தது என்று அவருக்கு மத்தியானம்தான் உறைத்தது. வாட்ச்மேனும் முதலாளிதானே? அவர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். யாரும் இல்லாத தொழிற்சாலைக்குத் தன் வருகையைத் தானே இரண்டு மணி அடித்துத் தெரிவித்துவிட்டு, தானே நிமிர்ந்து நிற்பார்.

அடுத்து, மாடியில் இருந்த முதலாளி அறை. அதில் உட்கார்ந்தால்தானே முதலாளி? ஆளுக்கு ஒரு நாள் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதல் நாள் உட்கார்ந்தவர் சாயங்காலம் வெளிறிப்போய் இறங்கி வந்தார். “உள்ள என்ன பண்ணணும்னே தெரியலைப்பா. மேசைல கை வெச்சேன். எடுத்தேன். மறுபடி வெச்சேன்.”

பழைய முதலாளி வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். “ஐயா, அந்த ரூம்ல நீங்க என்னதான் பண்ணுவீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஜன்னல் வழியாப் பாப்பேன்.”

“என்னத்தைங்க?”

“கேட்டைத்தான். அங்கிருந்து வேற ஒண்ணும் தெரியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வீட்டுக்குப் போவேன். மத்ததெல்லாம் நீங்கதானேப்பா பண்ணீங்க.”

அதோடு சந்தேகம் தீர்ந்தது. தினம் ஒரு முதலாளி மாடி ஜன்னலில் நின்று காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேனுக்கு முதுகு அரிப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் சொறியவில்லை.

மூன்றாவது வாரம்தான் வினை வந்தது. பேக்கிங் மாஸ்டர் சாயங்காலம் தத்தித் தத்தி வந்தார்.

“காலைக் காட்டுப்பா.”

“நான் இப்ப முதலாளிங்க.”

“நானும்தான். காலைக் காட்டு.”

“என் சாக்ஸை நானே எப்படிங்க திருட முடியும்?”

“நாப்பத்தொண்ணுல ஒரு பங்கு உன்னுது. மூணு ஜோடியும் உன் கால்லதானே இருக்கு?”

இரண்டு முதலாளிகள் கேட்டில் நேருக்கு நேர் நின்றார்கள். பின்னால் வரிசையில் மற்ற முதலாளிகள் பஸ் போய்விடுமே என்று தவித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பேக்கிங் மாஸ்டர் குனிந்து உரித்து வைத்தார். தலை ஆடியது. அவர் போனார். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. மறுநாளே தீர்மானம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: ‘முதலாளிகளின் காலைப் பார்ப்பது முதலாளிகளுக்கு அவமானம். வாட்ச்மேன் வேலையை எடுத்துவிட வேண்டும்.’ ஓட்டெடுப்பு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும்.

வாட்ச்மேன் ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் தைரியம் சொன்னார். “உங்க பங்கை யாரும் தொட முடியாது. நீங்க எப்பவும் முதலாளிதான். வேலைதான் இருக்காது.”

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். “வேலை இல்லாத முதலாளியா? எல்லா முதலாளியும் அப்படித்தானே? இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. முட்டி போன அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு ஒரு நாற்காலி வந்து தாங்கியது. இன்றைக்கு அந்த நாற்காலியைத்தான் பிடுங்கப் பார்க்கிறார்கள். அதிலிருந்து எழுந்துவிட்டால் தான் யார் என்று தனக்கே சொல்லத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? “கால் வலிக்குது” என்று மட்டும் சொன்னார்.

குலுக்கலின் குசும்பைப் பாருங்கள், அதே வெள்ளிக்கிழமைதான் மாடி அறையில் அவருடைய முறை. ஏழு மணிக்குத் தனக்கு மணி அடித்துக்கொண்டு மாடி ஏறினார். அன்று மற்றவர்கள் அவரவர் மணியை அவரவரே அடித்துக்கொண்டார்கள். அவர் ஜன்னலில் நின்றார். கீழே கேட்டு. கேட்டில் நாற்காலி. அதில் யாரும் இல்லை.

தன் இடத்தைத் தள்ளி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்ன இடமா என்று இருந்தது. அப்புறம் இன்னொன்று உறைத்தது. மேலேயிருந்து மெத்தையின் கிழிசல்கூடத் தெரிகிறது. அப்படியானால் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதெல்லாம்? இருபத்தேழு வருஷமும் முதலாளி இதே ஜன்னலில் நின்றிருக்கிறார். ஒரு நாளாவது ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாட்ச்மேனுக்குத் தனியாக நின்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகியது.

ஐந்து மணி ஆயிற்று. கூட்டம் கேட்டுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் மைதானத்தில். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஓட்டுப் போட வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அந்த அவசரம். முதலில் வந்தது நுனி தைக்கும் அக்கா. காலி நாற்காலிக்கு எதிரே வந்ததும் அவள் கால் தானாக நின்றது. பையைத் திறந்து நாற்காலிக்குக் காட்டினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். பிறகும் நகரவில்லை. தலையாட்ட ஆள் இல்லையே? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேலே ஜன்னலைப் பார்த்தாள். வாட்ச்மேன் தன்னையறியாமல் தலையை ஆட்டினார். அவள் போனாள்.

அடுத்து ஃபிட்டர். பை, கால், ஜன்னல். தலை ஆடியது. போனார். வரிசையாக வந்தார்கள். பேக்கிங் மாஸ்டர் மட்டும் நிமிர்ந்த தலையோடு நாற்காலியைத் தாண்டிப் பத்தடி போய்விட்டார். பதினோராவது அடி எழவில்லை. திரும்பி வந்தார். குனிந்து இரண்டு ஜோடி சாக்ஸை உரித்து, நாற்காலி முதுகில் பூ வேலைமேல் மாட்டினார். மேலே பார்க்காமலே நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்தவர், “ஆட்டிட்டார், போங்க” என்று சொன்ன பிறகுதான் போனார்.

கூட்டத்துக்கு அன்றைய முதலாளிதான் தலைவர். வாட்ச்மேன் இறங்கி வந்து தன் வேலையை எடுப்பதற்கான கூட்டத்தைத் தானே தொடங்கி வைத்தார். எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாற்காலில யாருமே இல்லை. அப்புறம் ஏன் எல்லாரும் பையைத் திறந்து காட்டினீங்க?”

நுனி தைக்கும் அக்காதான் வாய் திறந்தாள். “நீங்கதான் மேலேயிருந்து பாத்துக்கிட்டிருந்தீங்களே அண்ணா.”

வாட்ச்மேன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். அதற்குள் பேக்கிங் மாஸ்டர் முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, கணக்காக யோசிப்பவர். அதுதான் ஆபத்து.

“அதைத்தான் நானும் சொல்றேன். மேல தினமும் ஒரு முதலாளி நின்னுதான் ஆகணும், வேற வேலை இல்லை. கீழ நாற்காலி இருந்தா எல்லாரும் காட்டறோம். இப்பக் கண்ணாலயே பாத்தாச்சு. நடுவுல வாட்ச்மேன் எதுக்கு? என் தீர்மானத்தைத் திருத்திக்கறேன். வாட்ச்மேன் வேலையை எடுத்துடலாம். நாற்காலி இருக்கட்டும்.”

இதில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. வாட்ச்மேனாலேயே முடியவில்லை. கைகள் உயர்ந்தன. எண்ணுவது தலைவர் வேலை. சாக்ஸ் ஜோடிகளை எண்ணுவது போல ஒன்று விடாமல் எண்ணினார். முப்பத்தொன்பது. நுனி தைக்கும் அக்கா கையைத் தூக்கவில்லை. அவரும் தூக்கவில்லை. “நிறைவேறியது” என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அப்போது அக்கா உரக்கக் கேட்டாள். “சரி, நாற்காலியை யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?”

நின்றார்கள். முதலாளி வீட்டு நாற்காலி. நல்ல மரம். அது போய்விட்டால் யாரிடம் பையைக் காட்டுவது?

“மழை பெஞ்சா உள்ள எடுத்து வைக்கணும்ல?” என்றார் ஃபிட்டர். “மெத்தை நனைஞ்சா கெட்டுடும்.”

“தூசி தட்டணும்.”

“மணி அடிக்கவும் ஒரு ஆள் வேணுமே!”

பேக்கிங் மாஸ்டருக்கே கவலை வந்துவிட்டது. உடனே இன்னொரு தீர்மானம். நாற்காலிக்கு ஒரு காவலாள் வேண்டும். அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். ஒரே பெயர்தான் வந்தது. நாற்பத்தோரு கையும் உயர்ந்தன, அவருடையதும் சேர்த்து. சம்பளம் அதேதான். ஒரே ஒரு நிபந்தனை. அவர் நாற்காலியில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் நாற்காலி மறைந்துவிடும், ஆட்கள் யாருக்குக் காட்டுகிறோம் என்று குழம்பிப்போவார்கள்.

திங்கட்கிழமை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மணி எல்லாம் அடித்து முடித்தார். இரண்டு தடவை தூசி தட்டினார். பதினோரு மணிக்கு முட்டி பேச ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குக் கத்தியது. அப்போது பேக்கிங் மாஸ்டர் உள்ளேயிருந்து தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தீர்மானத்துல நாற்காலியைப் பத்தித்தான் இருக்கு” என்றார், கண்ணைப் பார்க்காமல். “ஸ்டூலைப் பத்தி ஒண்ணும் இல்லை.”

வாட்ச்மேன் உட்கார்ந்தார். ஸ்டூலுக்கு மெத்தையும் இல்லை, முதுகும் இல்லை. பரவாயில்லை, முட்டி அடங்கியது. அங்கிருந்து நாற்காலியைப் பார்த்தார். வரிசையில் வருகிறவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்களோ அப்படிப் பார்த்தார். அப்போதுதான் அவர் மனதில் ஒன்று பளிச்சென்று பட்டது. இருபத்தேழு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தது அவர். அதனால்தான் அவர் பையைப் பார்க்க ஆள் இல்லை. இப்போது அவர் அதில் இல்லை.

பேக்கிங் பகுதிக்குப் போனார். மாஸ்டரிடம் காசையும் சீட்டையும் நீட்டினார்.

“ஒரு ஜோடி. பொம்பளைங்க அளவு. தடியா, மெத்துனு இருக்கணும்.”

மாஸ்டர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். பிறகு நாலைந்து ஜோடியைப் பிரித்து, நுனித் தையலையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குங்குமக் கலரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “மூணா எடுத்துக்கங்களேன்.”

“ஒண்ணு போதும்.”

ஐந்து மணிக்கு எல்லோரும் பை காட்டிவிட்டுப் போனார்கள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், பார்ப்பது இப்போது அவர் வேலை இல்லை. கடைசி ஆளும் போன பிறகு பதிவேட்டை எடுத்து, தன் பெயருக்கு நேரே ‘போகும்போது’ கட்டத்தில் ‘குங்குமம், ஒன்று, பையில், சீட்டு உண்டு’ என்று எழுதினார். எழுந்து நாற்காலிக்கு எதிரே போய் நின்றார். பையைத் திறந்தார். சாக்ஸை எடுத்துக் காட்டினார், சீட்டை விரித்துக் காட்டினார். கால் இரண்டையும் காட்டினார். காட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாது.

மேலே பார்த்தார். அன்றைக்கு மாடியில் நுனி தைக்கும் அக்காவின் முறை. அவளும் வீட்டுக்குப் போகாமல் ஜன்னலில் நின்றிருந்தாள். நிதானமாகப் பையைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள். அவர் கேட்டைத் தாண்டினார்.

வீட்டில் மனைவி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் மடியில் சாக்ஸை வைத்தார். மெஷின் நின்றது. அவள் சாக்ஸைத் தொடவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். கலரைப் பற்றிக் கேட்கவில்லை, விலையைப் பற்றியும் கேட்கவில்லை.

“உங்களை யார் பாத்தாங்க?”

“நாற்காலி.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. குனிந்து, வெடித்த பாதத்தில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவருக்கு எதிரே வந்து நின்று, பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.